வீங்காத நாட்களின் அறிக்கை

என் முகத்தை நான் என்றைக்கும் முழுதாக நம்பியதில்லை. படுக்கப் போகும்போது இருந்த முகம்தான் விடிந்த பிறகும் இருக்கும் என்பது மற்றவர்களுக்குக் கேட்காமலே கிடைத்த சௌகரியம். எனக்கு அப்படி இல்லை. எழுந்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்று, இன்றைக்கு யார் வந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். சில நாள் மேலுதடு மூக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். சில நாள் இடது கண் இருந்த இடத்தில் ஒரு பூரி இருக்கும். சில நாள் முகம் ஒழுங்காக இருக்கும், வலது கையை மட்டும் யாரோ குத்துச்சண்டைக்காரனிடம் இரவல் வாங்கியதுபோல இருக்கும். அரிப்பு கிடையாது, காய்ச்சல் கிடையாது. இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுத் தானாக வடிந்துவிடும்.

எழுபதுகளின் கடைசியில் நான் டெல்லியில் மத்திய அரசாங்க குமாஸ்தா. அலுவலக அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்த அன்றைக்கென்று பார்த்து இரண்டு கன்னமும் வீங்கியிருந்தன. பலன், முகம் நன்றாக இருக்கிற நாட்களில்தான் வாசல் காவல்காரர் என்னைத் தடுப்பார். அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "யே ஆப் நஹீன் ஹைன்", இது நீங்கள் இல்லை, என்பார். வீங்கிய நாட்களில் சலாம் வைத்து உள்ளே விடுவார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அரசாங்கம் வேலைக்கு எடுத்தது என்னையா, அந்தக் கன்னக்காரரையா என்று.

இதையெல்லாம் அலர்ஜி என்று சொல்லித்தான் பதினைந்து வருஷம் எனக்கு ஊசி போட்டார்கள். ஊசி போட்டால் மூன்று நாளில் சரியாகும். போடாவிட்டாலும் மூன்று நாளில் சரியாகும். இதை நானும் கவனிக்கவில்லை, போட்டவர்களும் கவனிக்கவில்லை. என் மனைவிதான் ஒருநாள் சொன்னாள்: "ஊசிக்கும் வீக்கத்துக்கும் ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தையே கிடையாது போலிருக்கே."

அவள் திருநெல்வேலிப் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் டெல்லி வந்து என் பேச்சில் பாதி ஹிந்தியாகவும் மீதி கோப்புக் குறிப்பாகவும் ஆகிவிட்டது. அவள் பேச்சை மட்டும் எந்த ஊரும் தொடவில்லை. கோல் மார்க்கெட் கறிகாய்க்காரரோடுகூட அவள் திருநெல்வேலித் தமிழில்தான் பேரம் பேசுவாள். அவர் ஹிந்தியில் பதில் சொல்வார். இருவரும் ஒருவரையொருவர் மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

என் அப்பாவுக்கும் இந்த வீக்கம் இருந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்கு வந்து மோர் குடித்தார். மறுநாள் கன்னம் வீங்கியது, பிறகு குரல் மாறியது, பிறகு தொண்டை அடைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் வண்டியிலேயே போய்விட்டார். கண்ணேறு என்றார்கள், விஷக்கடி என்றார்கள். நான் அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன், பல் டாக்டர் என்ற ஜாதியின் நிழலில்கூட நிற்பதில்லை என்று.

பற்களுக்கு இந்தத் தீர்மானம் தெரியாதல்லவா. முப்பத்தெட்டு வயதில் எனக்கும் இடது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை விழுந்தது. கிராம்பை வைத்து அடைத்தேன். வலது பக்கமாகவே மென்றேன். ஒரு வருஷம் இப்படி ஒரு பக்கமாக வாழ்ந்தேன். வலி காதுக்கு ஏறிய ஒருநாள், போகிற உயிர் வலியில்லாமல் போகட்டும் என்று கரோல்பாகில் ஒரு பல் டாக்டரிடம் போய் நாற்காலியில் உட்கார்ந்தே விட்டேன். "பாபுஜி, ஏக் மினிட் கா காம்", ஒரு நிமிஷ வேலை, என்று இடுக்கியை எடுத்தார். நான் அப்பா கதையைச் சொன்னேன். இடுக்கி மெல்லக் கீழே இறங்கியது. என் நாற்காலியும் இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்து, வாசல் வரைக்கும் கூடவே வந்து, நான் தெருவைக் கடக்கிறேனா என்று பார்த்த பிறகுதான் உள்ளே போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவள் இளம் டாக்டர் ஒருத்தி. தமிழ்ப் பெண், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. பேசுகிற தமிழும் வழியில் கரோல்பாகில் இறங்கி ஏறி வந்தது மாதிரி இருக்கும்.

"அங்கிள், ஆராம்-ஸே உக்காருங்க. அப்பாவுக்கு இருந்துதா? தாத்தாவுக்கு? அச்சா, அத்தைக்கும்?"

ஒரு தாளில் சதுரமும் வட்டமுமாகப் போட்டு என் வம்சத்தையே வரைந்தாள். வீங்கியவர்களைக் கறுப்பாக்கினாள். என் அண்ணன் வெள்ளைச் சதுரம். அக்கா வெள்ளை வட்டம். ஊரில் இருந்த வீடு அவனுக்கு, நகை அவளுக்கு, எனக்கு என்ன வந்தது என்று நான் பல வருஷம் யோசித்ததற்கு அன்றைக்குத் தாளில் பதில் கிடைத்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னதன் சுருக்கம் இது: இது அலர்ஜி இல்லை. ரத்தத்தில் ஒரு காவல்காரப் பொருள் இருக்க வேண்டும், அது என் வம்சத்தில் குறைவு. அதனால் எங்கேயாவது இடித்தால், அழுத்தினால், பல்லைப் பிடுங்கினால், தண்ணீர் ரத்தக் குழாயை விட்டு வெளியே வந்து சதையில் உட்கார்ந்துகொள்கிறது. தொண்டையில் உட்கார்ந்தால் மூச்சு போகும். வெளிநாட்டில் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள். இங்கேயும் பெரிய டாக்டர் அதைச் சோதித்துப் பார்க்கப்போகிறார். எனக்குச் சம்மதமா?

"அது சாப்பிட்டா பல்லைப் பிடுங்கலாமா?"

"அதுக்குத்தானே அங்கிள் பாக்கறோம்."

சோதனை இப்படி. இரண்டு புட்டிகள். ஜனவரி, பிப்ரவரிக்கு முதல் புட்டி. மார்ச், ஏப்ரலுக்கு இரண்டாவது. ஒன்றில் நிஜ மருந்து, மற்றதில் வெறும் மாவு. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எதில் எது என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த ரகசியம் ஒட்டிய உறையில், பெரிய டாக்டர் அலமாரியில். நான் செய்ய வேண்டியது தினமும் மாத்திரை விழுங்குவது. அவர்கள் கொடுத்த டைரியில் அன்றைக்கு வீக்கம் வந்ததா, எங்கே, எவ்வளவு என்று எழுதுவது. மாதம் ஒரு தடவை போய்க் காட்டுவது. அவ்வளவுதான். குழந்தைகூடச் செய்யும்.

நான் குழந்தை இல்லை, குமாஸ்தா. அங்கேதான் கோளாறு.

எங்கள் அலுவலகத்தில் 'நில்' ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. ஒரு விஷயம் நடக்கவில்லை என்றால் சும்மா இருக்க முடியாது; நடக்கவில்லை என்று எழுதி மூன்று நகல் அனுப்ப வேண்டும். எங்கள் பிரிவு, வெள்ளத்தில் சேதமான கோப்புகளைப் பற்றி மாதாமாதம் அறிக்கை அனுப்பியாக வேண்டும். பிரிவு இருந்ததோ மூன்றாவது மாடி. யமுனை அவ்வளவு உயரம் ஏறி வர உத்தேசம் இல்லாததால் ஒவ்வொரு மாதமும் 'நில்'. எப்படியும் அதேதான் என்பதால் நான் ஜனவரியிலேயே பன்னிரண்டு மாதத்துக்கும் தட்டச்சு செய்து அடுக்கிவிடுவேன். ஒரு கோடையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி உடைந்து, கோப்புகள் நடுவில் நாங்கள் முழங்கால் வரை வேட்டியை, மன்னிக்கவும், பேண்டைச் சுருட்டிக்கொண்டு நின்றோம். அந்த மாதமும் 'நில்' போய்விட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேலதிகாரி ஒருவர் ஒழுங்காக வந்து சேருகிறது என்று பாராட்டிக்கூட எழுதியிருந்தார்.

இந்த ஞானத்தோடு நான் ஆஸ்பத்திரி டைரியைக் கையில் எடுத்தேன். திங்கட்கிழமை அலுவலகம் போனதும் பேனாவைத் திறந்து, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டத்திலும் 'நில், நில், நில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். சோம்பல் மட்டும் இல்லை, இதில் ஒரு சாமர்த்தியமும் இருந்தது. வீக்கம் வருகிற ஆசாமி என்றால் பல்லைத் தொடப் பயப்படுவார்கள். வராத ஆசாமி என்றால் சீக்கிரம் பிடுங்கிவிடுவார்கள். வருஷக் கடைசியில் அதிகாரி எழுதுகிற ரகசிய அறிக்கையில் கறை இல்லாதவனுக்குத்தானே பதவி உயர்வு? என் பல்லுக்கும் அந்த முறைதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவைக் கொன்ற காரியத்தைச் சீக்கிரம் செய்துகொள்ள நானே பொய்ச் சாட்சி தயாரிக்கிறேன் என்பது அப்போது தோன்றவில்லை. தோன்றுகிற மூளையாக இருந்தால் அதிகாரியாகியிருப்பேன்.

முதல் புட்டிக் காலத்தில் வீக்கம் தாராளமாக வந்தது. டெல்லிக் குளிர் எனக்குத் துணை. முகம் வீங்கினால் குரங்குக் குல்லாய், கை வீங்கினால் கோட்டுப் பை. வயிற்றுக்குள் வீங்கினால் வலி பிடுங்கி எடுக்கும், ஆனால் வெளியே தெரியாது. அது என்னைப் போன்றவர்களுக்கு இயற்கை செய்த உபகாரம். பிப்ரவரிக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் கீழுதடு தொங்கியது. வெளியே வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. நான் குல்லாயை மூக்கு வரை இழுத்து, மேலே மப்ளர் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"அங்கிள், இத்னா டண்ட், இவ்ளோ குளிர், எங்க இருக்கு? நான் ஸ்வெட்டர்கூடப் போடலை."

"சவுத் இண்டியன்" என்றேன், மப்ளருக்குள்ளிருந்து.

அவள் டைரியைப் புரட்டினாள். "ஸச்-முச் ஒண்ணுமே வரலையா? ரெண்டு மாசமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். பேசினால் 'ப' வராது.

மார்ச்சில் இரண்டாவது புட்டி தொடங்கியது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். காலையில் கண்ணாடியில் தினமும் ஒரே ஆள் நின்றான். உதடு உதடாக இருந்தது. வாசல் காவல்காரர் இருபது நாள் தொடர்ச்சியாக என்னைத் தடுத்தார். முப்பத்தொன்பது வயதில் மூக்கு நுனியில் ஒரு பரு முளைத்தது, கல்லூரிப் பையனுக்கு வருவதுபோல. கால்சட்டை இடுப்பில் இறுகியது. டைரியில் அதே 'நில்' எழுதினேன். இந்தத் தடவை அது நிஜமாக இருந்தது என்பது தவிர எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஏப்ரல் முடிந்தது. கொதிக்கிற வெயிலில், நல்ல முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளம் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அங்கிள், குட் நியூஸ். ரெண்டு புட்டிலயும் ஒண்ணுமே வரலை. அப்போ உங்க கேஸ்ல மருந்தால ஒரு ஃபரக்கும், வித்தியாசமும் இல்லை. பீமாரி, வியாதி, தானாவே சாந்தமா இருக்குன்னு பெரிய டாக்டர் சொல்றார். மாத்திரை பந்த். வர்ற வியாழக்கிழமை பல்லை எடுத்துடலாம். டீக்?"

"மாத்திரை இல்லாமலா?"

"வேண்டாமே. ஜனவரிலேருந்து உங்களுக்கு வீக்கமே இல்லையே! நீங்களே லிக்கியிருக்கீங்க."

நானே எழுதியிருந்தேன்தான். மூன்று நகல் இல்லை, அவ்வளவுதான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, அப்பா மோர் குடித்த டம்ளர் ஞாபகம் வந்தது. இரண்டு பஸ்ஸை விட்டேன். அலுவலகத்தில் என் பொய் மறைத்தது நனைந்த கோப்பை. இது அடைக்கப்போவது என் தொண்டை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைவதை நிறுத்தவில்லை, வேகம்தான் கூடியது.

"அப்பம் சனவரியில மூஞ்சி பூசணிக்கா மாரி கெடந்துச்சே, அது என்ன?"

"நில்."

"வயித்தப் பிடிச்சிட்டு உருண்டியளே?"

"அதுவும் நில்."

"என்னமும் கூறு இருக்கா ஒங்களுக்கு? மாமா செத்த சாவுக்கு நீங்களே போயி வரிசையில நிக்கியளே! நாளைக்கே போயி உள்ளதச் சொல்லிருங்க."

"சொன்னா யார் நம்புவா? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு. இப்ப பயத்துல மாத்திச் சொல்லுறேன்னுதான் நினைப்பாங்க. எந்த நாள் வந்துது, எங்க வந்துதுன்னு கேட்டா எனக்கே ஞாபகம் இல்ல."

அவள் கையைக் கழுவினாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய், அங்கே ஆணியில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஊரில் ஒரு ஜவுளிக்கடை வருஷா வருஷம் அனுப்புகிற முருகன் படக் காலண்டர். மேலே மயிலோடு முருகன், கீழே மாதத்துக்கொரு தாள். நான் அதில் விடுமுறை நாள் மட்டும்தான் பார்ப்பேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பென்சிலால் எறும்பு எறும்பாக எழுதியிருந்தாள்.

"என்ன இது?"

"எந்தக் கறி ஒங்களுக்குச் சேரலன்னு கண்டுபிடிக்கணும்லா. அதான் அன்னன்னைக்கு என்ன சமைச்சேன், எங்க வீங்கிச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். மூணு வருசமா எழுதுதேன். நீங்க பாத்தாத்தான?"

வீட்டுக்குள்ளேயே ஒரு ஆராய்ச்சி மூன்று வருஷமாக நடந்திருக்கிறது. சோதிக்கப்பட்ட எலிக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் அவளும் நானும், கையில் சுருட்டிய முருகனும், பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளம் டாக்டரிடம் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். குல்லாய் ரகசியத்தையும் சொன்னேன். அவள் வாயைத் திறந்தபடியே கேட்டாள்.

"பாப் ரே! அங்கிள், வியாழக்கிழமை நாங்க என்ன பண்ணியிருப்போம் தெரியுமா?"

"தெரியும்மா. அதனாலதான் வந்தேன்."

என் மனைவி காலண்டரை மேஜையில் விரித்தாள். டாக்டர் உற்றுப் பார்த்தாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாதே.

"ஆன்ட்டி, நீங்க படிங்க. நான் லிக்கறேன்."

மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். அறையில் இன்னும் நான்கைந்து நோயாளிகள் இருந்தார்கள், அதில் இரண்டு பேருக்காவது தமிழ் தெரியும் என்பது அவர்கள் தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"சனவரி நாலு. கத்திரிக்கா. ஒண்ணுங் கெடையாது. சனவரி ஆறு. சேனைக்கிழங்கு. எடது கண்ணு மூடிக்கிச்சி. ரெண்டு நாள். ஒம்பது, கத்திரிக்கா. ஒண்ணுங் கெடையாது. கத்திரிக்கா மேல பழியில்ல. பதிமூணு. இவுக அக்கா கிட்டேருந்து லெட்டர். மேலுதடு."

"அக்கா லெட்டர்? அதுவும் லிக்கணுமா?"

"எழுதிக்கோம்மா. பிப்ரவரியிலயும் வருது பாரு. லெட்டர் வந்தா மறுநாள் வீங்கும். எனக்கு மொதல்லயே சந்தேகம்."

"அக்கா லெட்டரில் என்ன இருந்தது என்பது ஆராய்ச்சிக்குத் தேவையில்லை" என்று நான் குறுக்கிட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், பேசுகிற உரிமை எனக்கு ஜனவரியோடு முடிந்துவிட்டது என்று புரிந்தது.

"பிப்ரவரி பத்து. வயித்து வலி, உருண்டாக. நான் சமைச்சதுல்ல, ஆபீசு சமோசா. இருபத்தஞ்சு, கீழுதடு. ஆஸ்பத்திரிக்குக் கொரங்குக் குல்லா போட்டுக்கிட்டுப் போனாக. வெளிய நல்ல வெயிலு."

டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "சவுத் இண்டியன்" என்றாள்.

பிறகு மார்ச் தாள். மனைவியின் குரலே மாறியது. "மார்ச்சு ஒண்ணு, ஒண்ணுங் கெடையாது. ரெண்டு, ஒண்ணுங் கெடையாது. பன்னெண்டு, லெட்டர் வந்துச்சி, ஒண்ணுங் கெடையாது. பதினெட்டு, சேனைக்கிழங்கு, வேணும்னே வச்சேன், ஒண்ணுங் கெடையாது. இருவது, மூக்குல பரு."

"பருவா?" டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தாள். "பேண்ட் டைட்டாச்சா?"

"இங்கன ரெண்டு தையல் பிரிச்சி விட்டிருக்கேன். ஏப்ரல் மூணு, பாத்துக்கோ."

இரண்டும் அந்த மாத்திரையின் பக்கவிளைவாம். டாக்டர் எழுந்து ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் வங்காளி, வெள்ளைத் தலை, வார்த்தைகளைக் கணக்காகச் செலவு செய்கிறவர். காலண்டரைக் கையில் எடுத்து நான்கு மாதத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாலும் ஜனவரி, பிப்ரவரிக் கட்டங்கள் நெரிசலாகவும் மார்ச், ஏப்ரல் கட்டங்கள் காற்றோட்டமாகவும் இருந்ததை அவர் கண் பிடித்துவிட்டது. முருகனையும் ஒரு தடவை பார்த்தார்.

"இந்த அம்மாவுக்கு நாம் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, சார்."

"பரிதாபம். சோதனையில் ஒழுங்காகக் கலந்துகொண்டவர் இவர் ஒருவர்தான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். என் டைரி பொய் என்பதால் என் கேஸை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். ஆனால் நோயாளி நோயாளிதான். ஆராய்ச்சியிலிருந்து நான் வெளியே போய்விட்டதால் இனி உறையைத் திறக்கத் தடையில்லை. அலமாரியிலிருந்து எடுத்து எங்கள் முன்னாலேயே பிரித்தார். முதல் புட்டி மாவு. இரண்டாவது மருந்து.

ஆக, உலக மருத்துவத்துக்கு என் நான்கு மாதப் பங்களிப்பு: நில். ஒழுங்காக எழுதியிருந்தால் ஏதோ ஒரு பட்டியலில் பெயர் இல்லாத ஒரு புள்ளியாகவாவது இருந்திருப்பேன்.

ஆனால் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு அங்கே வந்த நோயாளிகளின் டைரியில் ஒவ்வொரு நாளுக்கும் இன்னொரு கட்டம் சேர்ந்தது: வீட்டில் பார்த்தவரின் கையெழுத்து. இளம் டாக்டர் அதற்கு என் மனைவிக்கு நன்றி சொன்னாள். காலண்டரை ஃபைலில் வைத்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டாள். மனைவி மாட்டேன் என்றுவிட்டாள். ஆவணி அவளுக்கு முக்கியம். ஊரில் கல்யாணங்கள் இருந்தன. முதல் நான்கு தாளை மட்டும் கிழித்துக் கொடுத்தாள். முருகன் எங்களோடு பஸ்ஸில் திரும்பினார்.

மாத்திரையை மறுபடி ஒரு மாதம் கொடுத்துவிட்டு, ஜூன் மாதம் பல்லுக்கு நாள் குறித்தார்கள். காலை பத்து மணி. என் பக்கத்தில் ஐஸ் பெட்டியில் யாரோ ஒரு புண்ணியவானின் ரத்தத்திலிருந்து பிரித்த பொருள் தயாராக இருந்தது; காவல்காரன் குறைந்தால் இரவல் கொடுக்க. இன்னொரு மேஜையில் துணி மூடிய ஒரு தட்டு. அது என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை அங்கிள். மூச்சு அடைச்சா தொண்டைல ஓட்டை போடற சாமான்" என்றாள் இளம் டாக்டர், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

பல் வந்ததே தெரியவில்லை. நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபத்து பிடுங்கும்போது இல்லை, அதற்குப் பிறகு. அப்பாவுக்கு மறுநாள்தான் வந்தது. இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். டாக்டர் என் மனைவியிடம் சொன்னாள்: "ஆன்ட்டி, கன்னம் வீங்கினா பரவாயில்லை. குரல் பதலிச்சா, மாறினா, ஃபட்டாஃபட் என்னைக் கூப்பிடணும். அவரைப் பேச வச்சுக்கிட்டே இருங்க."

கல்யாணமான நாள் முதல் என்னைச் சும்மா இருக்கச் சொல்லி வந்தவளுக்கு இப்படி ஒரு உத்தியோகம். வாயில் பஞ்சோடு நான் அலுவலகக் கதை, பஸ் கதை, தண்ணீர்த் தொட்டி உடைந்த கதை எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணிக்கொரு தடவை என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பாள். நான் நிறுத்தினால் அவள் முகம் வெளிறும்.

"ஏன் நிறுத்திட்டிய?"

"கதை தீந்து போச்சு."

"தீந்தா மொதல்லேருந்து சொல்லுங்க."

மறுநாள் மத்தியானம், அப்பாவுக்குக் குரல் மாறிய அந்த நேரம் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, சேனைக்கிழங்கு ஏன் டெல்லியில் நன்றாகக் கிடைப்பதில்லை என்று கேட்டாள். நான் தெரிந்த வரைக்கும், தெரியாத வரைக்கும், நீளமாகச் சொன்னேன். குரல் என் குரலாகவே இருந்தது. சுமாரான குரல்தான், அன்றைக்கு எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மூன்று மணிக்கு இளம் டாக்டர் வந்தாள். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தாள். "படியா!" என்றாள், பிரமாதம் என்ற அர்த்தத்தில். கையில் புது டைரி. இந்தத் தடவை அதை என்னிடம் நீட்டவில்லை, நேராக என் மனைவியிடம் கொடுத்தாள், பேனாவோடு.

மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். அன்றைய தேதிக் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். பேனா மூடியைத் திறந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நில்னு போட்டுரு. அவ்வளவுதானே. கூடவே நாளைக்கும் போட்டுட்டா..."

அவள் மறுபடி என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். வலது கன்னம், இடது கன்னம், உதடு. பிறகு பேனாவை மூடி டைரிக்குள் வைத்தாள்.

"சும்மா கெடங்க. இன்னும் சாயங்காலமே ஆவல. நாள் முடியாம என்னத்த எழுத?"